கேசட்டுக்குள் கொலுசு

புதுக் கேசட். மேல் உறையைப் பிரித்ததே கிரிதர்தான். அதில் கிடாரை மட்டும்தான் பதிந்திருந்தான். போட்டுக் கேட்டால் கிடாருக்கு அடியில் கொலுசுச் சத்தம் வந்தது.

வீட்டில் யார் காலிலும் கொலுசு கிடையாது. நாலு வயது மகள் மாதங்கி போன வாரம் தெப்பக்குளத்தில் ஒரு கொலுசைத் தொலைத்துவிட்டு வந்ததும், ஒத்தைக் கொலுசு ஆகாது என்று ஸ்யாமளா மற்றதையும் கழற்றி பீரோவில் போட்டுவிட்டாள்.

வேண்டுமென்றே கரகரப்பாகப் பதிகிற லோ-ஃபை பாட்டுக்கென்று அவன் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, முந்தைய பதிவை அழிக்கிற ஹெட்டின் ஒயரைக் கத்தரித்து வைத்திருந்தான். அப்படிச் செய்தால் எதுவும் அழியாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கரகரவென்று படியும். அந்தக் கரகரப்புக்காகத்தான் இத்தனை பாடும். அதற்குள் கொலுசு எங்கிருந்து வந்து தொலைந்தது?

பெண்டாட்டி மேல்தான் சந்தேகம் வந்தது.

“நான் ஆபீஸ் போனப்புறம் பாப்பாவ விட்டுப் பதிஞ்சியா?”

“எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. அந்த டப்பாவ தூசி தட்டக்கூட நான் தொடுறதில்ல.”

சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவன் கவனித்தான். மாதங்கியைத் தனியாகக் கூப்பிட்டுச் சாக்லேட் கொடுத்து விசாரித்தான். அது தின்றுவிட்டு ஓடிவிட்டது. ஒவ்வொரு முறை பதியும்போதும் கொலுசு மட்டும் ஓரடி கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஸ்யாமளாவும் மாதங்கியும் சோழவந்தானில் ஸ்யாமளாவின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவன் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கதவைத் தாழிட்டு, ஃபேனை நிறுத்தி, மைக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான். இப்போது யார் விளையாடுகிறார்கள் பார்ப்போம். வெயிலில் காய்ந்த சுவரின் சுண்ணாம்பு வாடை, டேப்புக்குள் சுற்றுகிற ரப்பர் பெல்ட்டின் லேசான கருகல், எதிர்வீட்டுக் குக்கர் விசில், இவை தவிர அறைக்குள் வேறொன்றும் இல்லை.

போட்டுக் கேட்டான்.

கொலுசு. ஓடி வந்தது. நின்றது. காதோரம் மூச்சு.

“நாந்தேன்ப்பா. அழிச்சுராதப்பா.”

மாதங்கியின் குரல். அவள் சோழவந்தானில் இருக்கிறாள். அப்படியென்றால் தன் பிள்ளையின் குரலில் பேசுகிற இது எது? பயம், கூடவே ஆத்திரம். கத்தரித்த ஒயரைத் திரும்ப இணைத்தான். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டான். இரண்டு பக்கமும். ஒரு பொட்டு விடாமல் அழித்தான். மதியம் மறுபடி போட்டபோது வெறும் இரைச்சல்தான். அப்பாடா என்றிருந்தது.

நாலு மணிக்குக் காலிங் பெல் அடித்தது.

“பாப்பா மதியத்துல இருந்து ஒரு வார்த்தை பேசலைங்க,” என்றாள் ஸ்யாமளா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “பாடிக்கிட்டுத்தான் இருந்தா. பாதிப் பாட்டுல சட்டுன்னு...”

அவளைத் தள்ளிக்கொண்டு மாதங்கி உள்ளே ஓடி வந்தாள். இரண்டு காலிலும் பெரியம்மா போட்டுவிட்ட புதுக் கொலுசு, கொத்துக் கொத்தாய் முத்து. அவன் முன்னால் நின்று தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

தெருவில் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. ஸ்யாமளாவின் விசும்பல் கேட்டது.

கொலுசு கேட்கவில்லை.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, வாயை அகலத் திறந்து, மாதங்கி கத்திக்கொண்டே இருந்தாள்.