சுற்றின் நீளம்

ஒன்பதரைக்குத் தொடங்கிய சுற்று பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. ஆறு பேரும் எழுந்து நின்று, என்ன முடித்தோம் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள். வாக்குப் பலகையில் ஆறு பச்சை விளக்குகள் எரிந்தன. கொடுத்த வாக்கு முழுவதும் நிறைவேறியது என்று பலகை அறிவித்தது. யாருக்கும் அதில் மகிழ்ச்சியில்லை. இந்த வாரத்தின் ஐந்தாவது நிறைவேற்றம் இது. கிழமை என்னவோ புதன்தான்.

ஒரு குழு, இன்னதைச் செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அதைச் செய்துகாட்ட எடுத்துக்கொள்ளும் காலத்துக்குச் சுற்று என்று பெயர். அது எத்தனை நாள் இருக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் மென்பொருள் குழுக்கள் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டன. இரண்டு வாரம் என்பார் ஒருவர், மூன்று என்பார் இன்னொருவர். பேசிப் பேசியே ஒரு வாரம் போய்விடும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க வந்ததுதான் சுற்றுமானி. மணிக்கட்டில் ஒரு பட்டை. 'முடிச்சிரலாம்' என்று ஒருவர் சொல்லும்போது, அதை அவரே எத்தனை நாளைக்கு நம்புகிறார் என்று நாடித்துடிப்பிலிருந்தும் வியர்வையிலிருந்தும் பட்டை கணித்துவிடும். ஆறு பேரின் நம்பிக்கையும் வற்றாமல் இருக்கும் காலம் எவ்வளவோ, அதுவே அந்தக் குழுவுக்கு ஏற்ற நீளம். 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று விளம்பரம் செய்தார்கள். நன்றாக விற்றது.

அதைச் செய்து விற்ற குழுதான் இது. கோவை சரவணம்பட்டியில் நான்காவது மாடி. தலைவி பூங்கோதை. தாங்கள் செய்த பட்டையைத் தாங்களே கட்டிக்கொள்ளாவிட்டால் ஊர் சிரிக்கும் என்று முதல் நாளே கட்டிக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் பதினான்கு நாள் காட்டியது. அப்புறம் ஒன்பது, ஐந்து, இரண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, இப்போது மூன்று மணி இருபது நிமிடத்தில் வந்து நிற்கிறது.

தேய்வதற்குக் காரணத்தை ராசப்பன் போன சித்திரையிலேயே கண்டுபிடித்துவிட்டார். மானிக்குள் கணக்குப் போடும் நிரலை, அவர்கள் பேச்சில் கருவை, எழுதியவர் அவர். ஐம்பத்தாறு வயது.

"அளக்கற கோலே துணியைக் கத்திரிக்குதுங்க அம்மிணி," என்றார் பூங்கோதையிடம். "சின்னச் சுத்துல வேலை செய்யறவனுக்குத் தூரத்துல பாக்கற பழக்கம் போயிருது. அப்புறம் அளந்தா இன்னும் கம்மியாத்தான் காட்டும். கருவையே மாத்தி எழுதோணும்."

"எத்தனை நாளாகுங்க?"

"நாப்பது நாளு."

நாற்பது நாள் வேலை மூன்று மணி நேரத்தில் எப்படி அடங்கும்? இவர்கள் தொழிலில் இதற்கு ஒரே மருந்துதான் உண்டு: உடைத்துப் போடு. எண்பது துண்டுகளாக உடைத்தார்கள். முதல் துண்டு, பழைய கருவைக் கழற்றுவது. கழற்றினார்கள். சுற்று முடிந்ததும் பலகை, இயங்குகிற பொருளைக் காட்டு என்றது. கரு இல்லாத மானி எப்படி இயங்கும்? காட்ட ஒன்றும் இல்லாததால் வாக்குத் தவறியதாகக் குறித்துக்கொண்டு, பழைய கருவைப் பலகை தானாகவே திரும்ப மாட்டிவிட்டது. இப்படிப் பத்தொன்பது முறை கழற்றினார்கள், பத்தொன்பது முறையும் அது மாட்டியது. இருபதாம் முறை அந்த வேலையை யாரும் எடுக்கவில்லை. பொத்தானின் நிறத்தை மாற்றுகிற வேலை ஒன்று இருந்தது. அது மூன்று மணி நேரத்தில் அழகாக முடிந்தது.

அப்படியே விட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் மருத்துவமனையிலிருந்து பூங்கோதைக்கு அழைப்பு வந்தது.

அவள் கணவர் சிகாமணி பேருந்து நடத்துநர். முதுகுத்தண்டில் கட்டி. இரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் இரண்டு கால்களும் போய்விடும். எடுக்க ஒன்பது மணி நேரம் பிடிக்கும். டாக்டர் லூர்துமேரி நாள் குறித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"நாள் குறிக்க முடியலீங்க," என்றார் டாக்டர். குரலில் அலுப்பு. "எங்க ஆபரேஷன் குழுவுக்கு நாலரை மணி நேரம்னு வந்திருக்கு. உங்க மானிதான்."

"ரெண்டு குழு மாத்தி மாத்திச் செய்யக் கூடாதுங்களா?"

"திறந்த முதுகைப் பாதியில கைமாத்தி வாங்கிக்கறேன்னு எந்தக் குழுவும் வாக்குக் கொடுக்க மாட்டேங்குது. பட்டைக்கு மீறி நாங்க தொடவும் கூடாது."

"போன வருசம் பதினோரு மணி நேரம் ஒருத்தருக்குச் செஞ்சீங்களே டாக்டர்."

"செஞ்சோம். எப்படிச் செஞ்சோம்னு இப்ப யோசிச்சா எனக்கே தெரியல. மானியை நீங்க சரிபண்ணிக் குடுத்தா செஞ்சிரலாங்க."

பூங்கோதை போனை வைத்துவிட்டுத் தயிர்சாதத்தை மூடினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. அந்தப் பட்டையை அந்த மருத்துவமனைக்கு விற்ற கூட்டத்தில் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாள் காலை குழுவிடம் விஷயத்தைச் சொன்னாள். "பட்டையைக் கழட்டிருவோம். பலகையும் வேண்டாம். நாப்பது நாளு வெளியில உக்காந்து கருவை எழுதிட்டு வருவோம். என்ற வீட்டுக்காரருக்காகக் கேக்கறேன். நாலு ஊருக்கும் நல்லதுதான், ஆனா நான் அவருக்காகத்தான் கேக்கறேன்."

யாரும் மறுக்கவில்லை. குழுவிலிருந்த ஷாகிதா முதலில் கழற்றினாள். பட்டை இருந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்திருந்தது. மேலாளரிடம் அனுமதி கேட்டார்கள். மேலாளர் குழுவின் சுற்று ஒன்றரை மணி நேரம். அதற்குள் யோசித்து மறுக்க அவருக்கு நேரம் போதவில்லை.

பக்கத்து ஊரான வெள்ளக்கிணற்றில் ராசப்பன் வீட்டு மாடியில் ஆறு மேசைகள் போட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தார்கள். சுவரில் கடிகாரம் இல்லை, பூங்கோதை கழற்றச் சொல்லியிருந்தாள். பழைய கரு கழன்றது. இம்முறை மாட்டிவைக்க யாரும் இல்லை. ராசப்பன் நெடுநாளைக்குப் பிறகு முணுமுணுவென்று பாடிக்கொண்டே எழுதினார். பூங்கோதைக்கு நம்பிக்கை வந்தது.

திடீரென்று அறையில் சத்தம் நின்றது. அறுவர் கைகளும் விசைப்பலகையிலிருந்து விலகியிருந்தன. ஷாகிதா எழுந்து நின்று, "நான் முடிச்சது என்னன்னா," என்று தொடங்கி, பாதியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பூங்கோதை போனை எடுத்துப் பார்த்தாள். மணி ஒன்று இருபது.

பசியாக இருக்கும் என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இரண்டு மணிக்குத் திரும்ப உட்கார்ந்தபோது, காலையில் எழுதியது ஒவ்வொருவருக்கும் பிறர் எழுதியதுபோல இருந்தது. எதற்காக அந்த வரி, அடுத்து எங்கே போக இருந்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. முதலிலிருந்து படித்துத் தொடர்ந்தார்கள். ஐந்து இருபதுக்குக் கைகள் மறுபடி நின்றன.

செவ்வாயன்று பூங்கோதை எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி ஒட்டினாள். புதனன்று காகிதங்களைப் படித்து முடிக்கவே மதியமானது. வியாழனன்று நேரத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னலை அடைத்தார்கள். இருட்டிலும் மூன்று மணி இருபது நிமிடத்தில் கைகள் நின்றன. மணிக்கட்டில் எதுவும் இல்லை.

ஷாகிதா அழுதாள். "எனக்குச் சோம்பேறித்தனம் இல்லைக்கா. எவ்வளவு பிடிச்சு வெச்சாலும் நழுவிருது."

வெள்ளிக்கிழமை மதியம் ராசப்பன் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, நாம திருத்த வந்த பிழை சித்திரையில பிழையா இருந்துச்சு. அப்ப நம்மால முடியும், மானி முடியாதுன்னு சொல்லுச்சு. இப்ப நம்மாலயே முடியல. மானி சரியாத்தான் சொல்லுதுங்க."

"நாப்பது நாளுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். சித்திரையில இருந்த ராசப்பன் சொன்னது அது. அந்தாளு எழுதியிருப்பாரு." அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "டாக்டரம்மாவுக்கும் இதேதான் நடந்திருக்கும். நம்ம மானியைச் சரிபண்ணிக் குடுத்தாலும், அதுவும் நாலரைன்னுதான் காட்டும்."

மேசைகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நல்லபடியாகவே விடைபெற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பார்ப்போம் என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வெகுதூரத்தில் இருந்தது.

பூங்கோதை வீட்டுக்கு வந்தபோது நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சிகாமணி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது பாதத்தில் இன்று காலையிலிருந்து உணர்வில்லை என்றார். அந்தப் பாதத்தை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவரும் குறுக்கே பேசவில்லை. இருபத்திரண்டு வருடம் பேருந்தில் நின்றே பிழைத்த மனிதர். நிற்க முடியாத காலத்தை மனதுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்போல மெல்லக் கேட்டார்.

"கால் போயிருச்சுன்னா என்னையப் பாத்துக்குவியா கோதை?"

உசிரு இருக்கற வரைக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவேண்டிய பதில் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவர்மேல் அவளுக்கு அன்பு இருந்தது, எள்ளளவும் குறையவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் எட்டிப்பார்த்தபோது, தொடக்கத்தில் கொஞ்சதூரம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதற்கப்பால் அவளால் எதையும் நம்ப முடியவில்லை. இந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏழேகால் வரைக்கும் பாத்துக்கறேனுங்க," என்றாள். கண்ணீர் அவர் பாதத்தில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. "அப்புறம் மறுபடி கேளுங்க."

ஏழேகாலுக்கு அவர் மறுபடி கேட்டார்.