சத்தம் குறைந்த அந்த ஒரு மாதம்

"ஃபேன் நல்லாத்தாங்க இருக்கு."

"நல்லா இருக்கோ? பிளேன் ஏறுற மாதிரிக் கத்துது! புது ஃபேன் கொண்டு வந்திருக்கிறன். பேசாமல் அதைப் பூட்டித் தாங்கோ."

சங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வாரமெல்லாம் ஓடியோடி வேலை செய்துவிட்டு, கிடைத்த ஒரு சனிக்கிழமையில், கொட்டும் மழையில், கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு லிட்கம் சமூக மண்டபத்துக்கு வந்திருக்கிறாள். மாதம் ஒருமுறை இங்கே பழுது பார்க்கும் நாள். டோஸ்டரோ தையல் மெஷினோ, எதைக் கொண்டுவந்தாலும் தன்னார்வலர்கள் திருத்திக் கொடுப்பார்கள். இந்த ஆளோ பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நியாயம் பேசுகிறான்!

"பிராசஸர் கொதிக்குதுங்க. அதைக் குளிர வைக்கத்தான் ஃபேன் இப்படி ஓடுது. பாவம், அதைப் போய்த் திட்டறீங்களே..."

அந்தக் குரல்...

சங்கரியின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்தான். கண்ணாடி புதிது. காதோர நரை புதிது. கண்கள் மட்டும்... சிரிப்பதற்குச் சாக்குத் தேடும் அதே கண்கள்.

"சங்கரி?"

"பிரேம்நாத்..."

தகரக் கூரையில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னும் சண்டையில்தான் தொடங்கியது. மெல்பர்ன், ஸ்பிரிங்வேல். மாணவர்கள் ஐந்து பேர் வாடகைக்கு எடுத்த பழைய வீடு. வெள்ளவத்தையிலிருந்து நர்சிங் படிக்க வந்த சங்கரிக்கு ஓர் அறை; கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்த பிரேம்நாத்துக்கு அடுத்த அறை. நடுவில் அட்டை போன்ற ஒரு சுவர். அந்தப் பக்கம் அவனுடைய கம்ப்யூட்டர் நாள் முழுக்க இரைந்தது.

"நான் சோதினைக்குப் படிக்கிறதோ, உங்கட மெஷினுக்குத் தாலாட்டுப் பாடுறதோ?" என்று கதவைத் தட்டிக் கேட்டாள்.

அவன் அசடு வழிந்தான். அன்றைக்கே கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், யாரோ அணைத்து வைத்திருந்த ஒரு வசதியைப் போட்டுவிட்டான். வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சூடு குறையும், விசிறியும் மெல்லச் சுற்றும். வீடு அமைதியானது. அப்போதுதான் தெரிந்தது... சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கிறது!

"சாப்பிட்டாச்சாங்க?"

"ஓம். நீங்கள்?"

"மறுபடியும் நூடுல்ஸ்தாங்க..."

ஒரு மாதம். ஒரே ஒரு மாதம் அப்படிப் பேசினார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு, முகம் பார்க்காமல், வாய் ஓயாமல். பிறகு ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து வந்தாள். அவனுடைய அறை காலி. நம்பரும் வேலை செய்யவில்லை. சொல்லாமல் போனவனை நானா தேடிப் போவேன் என்று வீம்பாக இருந்தாள். ஆனால் அவன் ஏன் போனான் என்று தெரியாமல் அவளால் வேறு யாருக்கும் சம்மதம் சொல்ல முடியவில்லை. வந்த சம்பந்தங்களை எல்லாம் தட்டிக் கழித்தாள்.

"பவர் செட்டிங்கை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வச்சது யாரு?" பிரேம்நாத் மண்டபத்து மானிட்டரைப் பெட்டியோடு இணைத்து, திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான்தான்... நல்லா வேலை செய்யும் எண்டு நினைச்சன்."

"நல்லா வேலை செஞ்சு செஞ்சே கொதிச்சுப் போயிருக்கு." அவன் மெதுவாகச் சிரித்தான். பேலன்ஸ்டு என்ற நடுத்தர நிலைக்கு மாற்றினான். பிராசஸரின் உச்ச அளவை நூறு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றொன்பதாக்கினான். "ஒண்ணே ஒண்ணுதான் குறைச்சேன். நூறைத் தொடாட்டி அதோட அதிவேகம் கட்டாயிடும்; இனி தலைதெறிக்க ஓடாது."

திரையில் எண்பத்தாறு பாகையாக இருந்த சூடு அறுபதுக்கு இறங்கியது. விசிறியின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து... நின்றுவிட்டதோ என்று சங்கரி குனிந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் சொல்லாமல் போனனீங்கள்?" இவ்வளவு காலம் வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"நான் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி நீங்க உங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசினீங்க. 'அந்த இந்தியப் பெடியன் ஆரோ, எனக்கும் அவனுக்கும் ஒரு கதையும் இல்லை'ன்னு சொன்னீங்க. ஒரு சத்தமும் இல்லாத வீடு... ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தச் சுவரைப் பார்த்துட்டு எப்படிங்க இருக்கிறது? எனக்கும் ரோஷம்னு ஒண்ணு இருந்துச்சு. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் தோணலைங்க."

சங்கரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மாவுக்குப் பயந்து சொன்ன பொய் அது. ஃபோனை வைச்சுப்போட்டு அழுதனான். அது கேக்கேல்லையோ?"

"இல்லையே..."

"அழுதுபோட்டு, திரும்ப எடுத்து, அவரைத்தான் கட்டுவன் எண்டு அம்மாட்டச் சொன்னனான். அதுவும் கேக்கேல்லையோ?"

பிரேம்நாத்தின் முகம் வெளிறியது. "கேட்கலைங்க... இனிமே எதுவும் காதுல விழக்கூடாதுன்னு பெரிய கேம் ஒண்ணைப் போட்டு விட்டுட்டேன். மெஷின் அலறுச்சு. மறுநாள் சாயந்திரம்தான் அணைச்சேன்... கிளம்பும்போது."

வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பவளம் அன்ரி, "அடுத்த ஆள் வரலாமோ?" என்று குரல் கொடுத்தார். இருவரும் திரும்பவில்லை.

"அண்டைக்கு உங்கட கதவைத் தட்டி நேர சொல்லியிருக்கலாம். வெக்கம்..." சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். நடுவில் சுவர் இல்லாமல் இப்படிப் பேசுவது இதுவே முதல் தடவை. "இப்ப வெக்கப்படுற வயசில்லை. வடிவாக் கேளுங்கோ பிரேம்... எனக்கு உங்களைத்தான் விருப்பம்."