ராகு காலம் போகட்டும்

சபரிநாதன் அந்தச் சின்ன விமானத்தைத் தரையிறக்கியபோது காலை எட்டுமணிகூட ஆகவில்லை. அமெரிக்காவின் சியரா மலைக்குள், பைன் மரங்களுக்கு நடுவே வகிடு எடுத்தமாதிரி கிடக்கும் ஒரு மண் ஓடுபாதை. மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். வேறு வழி கிடையாது. பள்ளம் முடிகிற இடத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு உயரமான மரங்கள் நின்றன. அவற்றில் இரண்டுக்குத் தலை இல்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த ரோஷினி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

போன வருஷம் ஜூலையில் அவள் கணவன் முகிலன் தன் விமானத்தில் இங்கே தனியாக வந்து கூடாரம் போட்டுத் தங்கினான். மறுநாள் கிளம்பும்போது அந்த மரங்களில் மோதிச் செத்தான். வெயில்தான் காரணம் என்றது விசாரணை அறிக்கை. வெயில் ஏறினால் மலைக்காற்று இளைத்துப்போகும். இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால் மலையில் பறக்கிறவர்கள் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். முகிலனுக்கும் அது நன்றாகத் தெரியும். பிறகு ஏன் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் அறிக்கையில் இல்லை.

சபரிக்குத் தெரியும். அன்று சனிக்கிழமை.

கோயம்புத்தூரில் ஒன்றாகப் படித்து, சான்டா கிளாராவில் ஒரே ஆபீசில் உட்கார்ந்து, ஒன்றாகப் பைலட் லைசென்ஸ் வாங்கிய நண்பர்கள் அவர்கள். சர்வரில் புது கோட் ஏற்றுவதென்றால்கூட முகிலன் போனில் பஞ்சாங்கம் பார்ப்பான். "ராகு காலம் போகட்டும், மாப்ள" என்பான். டீமே சிரிக்கும். கடைசியில் அமெரிக்க மேனேஜரே, "ராகு போயாச்சா?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். இங்கே கோடைப்பகல் நீளம். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பதினொன்று தாண்டித்தான் விடும். அதற்குள் இந்த ஓடுபாதை தோசைக்கல் ஆகிவிடும். அன்று கூடாரத்தைப் பிரித்துக் கட்டி முடிப்பதற்குள் ஒன்பதரை ஆகியிருக்கும், அதற்குமேல் அவன் கிளம்பியிருக்க மாட்டான்.

இன்றும் சனிக்கிழமைதான். லீவு அன்றைக்குத்தானே கிடைக்கிறது, என்ன செய்வது?

முகிலன் இருந்த பைலட் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஒருவன் போய்விட்டால் அவன் பெயரில் கல் நட மாட்டார்கள். அடுத்து வருகிறவன் சாகாமல் இருக்க உதவும் ஒரு பொருளை நடுவார்கள். முகிலன் பெயரில் இன்று ஒரு கேமரா. பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து இன்டர்நெட்டில் போடும். வீட்டில் இருந்தபடியே ஓடுபாதையையும் மேகத்தையும் வெப்பத்தையும் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் டேல், முதல்நாளே டிரக்கில் வந்து கம்பத்தை நட்டிருந்தார். மூன்று பேருமாகக் கேமராவைப் பொருத்தினார்கள். ரோஷினி கற்பூரம் கொண்டுவந்திருந்தாள். காட்டுத்தீ பயத்தால் இங்கே தீக்குச்சி கிழிக்கவே தடை. கம்பத்தடியில் பிளாஸ்க் காபியை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தாள். முதல் படம் போனில் வந்ததும் டேல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சூடு ஏறுது. சீக்கிரம் கிளம்பு" என்று சபரியிடம் சொல்லிவிட்டு டிரக்கில் மலையிறங்கிப் போனார்.

இன்ஜின் சத்தம் காட்டுக்குள் கரைந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

"போலாம் ரோஷினி."

"கொஞ்ச நேரம் இருக்கலாம்ணா. ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு."

"வெயில் ஏறிட்டா கஷ்டம்மா. பத்திரமா கூட்டிட்டு வரேன்னு உங்கப்பாட்ட சொல்லியிருக்கேன்."

அவள் டம்ளரை எடுக்கக் குனிந்தாள். காபி இல்லை. மண் ஈரமாகவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விமானத்துக்குள் ஏறியதும் சபரியின் மூக்கில் அந்த வாசனை அடித்தது.

கிராம்பு.

பறக்கும்போது குமட்டாமல் இருக்க முகிலன் எப்போதும் கிராம்பு மெல்லுவான். இது முகிலனுடைய விமானம் இல்லை. அது அந்த மரங்களிலேயே சுக்குநூறாகிவிட்டது. இது கிளப்பில் வாடகைக்கு எடுத்தது. சபரி அவள் பக்கத்துக் கதவை இழுத்துத் தாழ் போட்டான், இரண்டு முறை அசைத்துப் பார்த்தான். இன்ஜினைக் கிளப்பி, ஹெட்போனை மாட்டினான். ரேடியோவில் வெறும் இரைச்சல்.

அதற்குள் ஒரு குரல் வந்தது.

"மாப்ள."

சபரி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

"என்ன அவசரம்? ராகு காலம் போகட்டும்."

ரோஷினி தன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. கண்ணில் நீர் முட்ட அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் சபரியை அதிகமாகப் பயமுறுத்தியது.

"அண்ணா, அவர் வெயிட் பண்ணச் சொல்றார்."

சபரி மணியைப் பார்த்தான். ஒன்பதரை தாண்டியிருந்தது. வெப்பமானி ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றுவரை உட்கார்ந்தால் அந்த மரங்களைத் தாண்ட முடியாது. மூன்றாவதாக ஒரு மரத்துக்குத் தலை போகும். நம்முடைய நல்லதுக்குத்தான் சொல்கிறான், பாவி. செத்த பிறகும் அவனுக்குப் புத்தி வரவில்லை. தான் செத்ததே தெரியவில்லையோ என்னவோ.

"முகிலா" என்றான். "நீ வெயிட் பண்ணித்தான்டா போய்ச் சேர்ந்த."

இரைச்சல் நின்றது.

பிறகு மிக மெதுவாக, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பேசுவதுபோல:

"சரி. நீ போ."

சபரி மூச்சு விட்டான்.

"ரோஷினி என்கூட வரட்டும்."

அவள் பக்கத்துத் தாழ் தானாக நிமிர்ந்தது.

கதவு திறந்துகொண்டது. வெளியே கைக்கெட்டும் தூரத்தில் புல் படுத்து ஆடியது, இன்னொரு விமானத்தின் புரொபெல்லர் அதன்மேல் சுழல்வதுபோல. அங்கே எதுவும் இல்லை. ரோஷினி சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சபரி எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். கதவை அறைந்து சாத்தி, அது மறுபடி திறக்காதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறுகையால் இன்ஜினை முழுவேகத்துக்குத் தள்ளினான். விமானம் பள்ளத்தில் உருண்டது. மரங்கள் வந்தன. தலையில்லாத அந்த இரண்டுக்கும் நடுவே சக்கரம் உரச எழும்பியபோது அவன் தன்னையறியாமல் முருகா என்று கத்தினான்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது ரோஷினி, "நீங்க கதவைச் சாத்தியிருக்கக் கூடாதுண்ணா" என்றாள்.

கேமரா நன்றாக வேலை செய்தது. வெப்பத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டதாகப் பல பைலட்டுகள் முகிலன் பெயரைச் சொல்லி நன்றி எழுதினார்கள். சபரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. ரோஷினி சமையலறை டேப்லெட்டில் அந்தப் படங்களை எப்போதும் திறந்தே வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை டேல் கூப்பிட்டார். அவர் குரல் சரியில்லை.

"கேமராப் படத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு விமானம் மேட்டில் வந்து நிற்கிறது, சபரி. வெள்ளையில் நீலப் பட்டை. பதினொன்றரைக்கு மேல் இருக்காது. யாரென்று பார்க்கப் போன வாரம் நானே போனேன். ஒன்றும் இல்லை, டயர் தடம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் நான் நிற்கிறேன். என் பக்கத்திலேயே அது நிற்கிறது."

வெள்ளையில் நீலப் பட்டை, முகிலனுடைய விமானம்.

"இன்னொன்று" என்றார் டேல். "எல்லாப் படத்திலும் பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையின் கதவு திறந்தே இருக்கிறது. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி."

சபரி போனை வைத்துவிட்டு ரோஷினியைக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபடியே லேப்டாப்பில் கேமரா பக்கத்தைத் திறந்தான். மணி பதினொன்று. ராகு காலம் முடியப் போகிறது. மேட்டில், வெயிலில், அந்த விமானம் நின்றது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

புதுப் படம் வந்தது. கதவு மூடியிருந்தது.