சாட்சிவிளக்கு

சவரிமுத்து பிடியைத் தொட்டதும் சாட்சிவிளக்கு பளீரென்று எரிந்தது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மை கண்களைச் சுருக்கிக்கொண்டாள்.

"தீப்பிடிச்ச பம்பு அறையில ஃபியூஸை எடுத்துட்டு அந்த இடத்துல கம்பியை வச்சது நீங்களா?"

"இல்ல மேடம்."

வெளிச்சம் இன்னும் ஏறியது. பித்தளைப் பிடியில் அவன் உள்ளங்கை வேர்வை பிசுபிசுத்தது.

"ஒண்ணு சொல்லணும் மேடம். அன்னைக்குக் காலைல அந்த ஃபியூஸ் பெட்டி..."

"ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"இல்ல," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவனுக்கு முன்னால், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் மேலாளர் தனபாலன் அதே பிடியைப் பிடித்து அதே பதிலைச் சொல்லியிருந்தார். விளக்கு மினுங்கக்கூட இல்லை.

செம்பு அருகிப்போன பிறகு தூத்துக்குடியில் வீட்டுச் சுவருக்குள் கம்பி இழுப்பது நின்றுவிட்டது. மின்சாரம் தரையோடு வந்தது. தரை ஒரு முனை, பொருளின் பிடி மறுமுனை, இரண்டுக்கும் நடுவே நிற்கும் மனிதனே கம்பி. காலில் ஏறிக் கை வழியே இறங்கும் ஓட்டம் எறும்பு ஊர்வதைவிட மெலிது. ஆனால் உள்ளே இருக்கும் மின்காந்தத்தை எழுப்ப அது போதும். காந்தம் இணைப்பை இழுத்துச் சேர்க்கும். சுற்று முழுமையாகும். அடுப்பு சுடும், கதவு திறக்கும், விளக்கு எரியும். இதற்குத் தொடுசுற்று என்று பெயர்.

உலர்ந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும், வேர்த்த தோல் வழிவிடும். அதனால் யார் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விளக்கின் வெளிச்சம் கூடும், குறையும். மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு வந்த மருமகள் தொட்டால் விளக்கு இரட்டிப்பாக எரியும் என்று ஊரில் கேலி பேசினார்கள். அந்தக் கேலியை, வேர்த்த கைக்கு மட்டுமே எரியும் சாட்சிவிளக்காக மாற்றியவள் உலகம்மை. நகர மன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வழக்கு என்று வாய்தா வாங்கி அலைந்த காலம் போயிற்று. விதிகளையும் அவளே எழுதினாள். விசாரணையில் ஒரே கேள்வி, ஒரே சொல்லில் பதில். விளக்கைப் பிடிக்காதவர் சொல் செல்லாது. எரிந்தால் பொய்.

சவரிமுத்துவுக்குச் சுற்றுநீக்கம் விதிக்கப்பட்டது. தடித்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டி, கணுக்காலில் பூட்டினார்கள். ரப்பர் தரையையும் உடலையும் பிரித்துவிடும். இனி எந்தக் கதவும் அவனுக்குத் திறக்காது, எந்த அடுப்பும் எரியாது. வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டால் சுற்று சேர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரப்பர் செருப்புப் போட்டவன் கையை யார் பிடிப்பார்கள்?

பம்பு அறைத் தீயில் காயம்பட்ட நிலையத் தொழிலாளி பாத்திமுத்துவைப் பார்க்க உலகம்மை மருத்துவமனைக்குப் போனது, தீர்ப்பு வந்துவிட்டது என்று ஆறுதல் சொல்வதற்காகத்தான். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பாத்திமுத்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கனத்த கட்டு. வெறுங்கால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் ரப்பர் செருப்போடு சவரிமுத்து. அவளுக்குக் கை இல்லை, அவனுக்குக் கால் இல்லை என்பதுபோல இருந்தது அந்தக் காட்சி. அவன் இடது கையை அவள் தோளில் வைத்தான். வலது கையால் தாதியை அழைக்கும் மணியைத் தொட்டான். தரையிலிருந்து அவள் காலில் ஏறி, அவள் தோள் வழியே அவன் உடம்புக்குள் போய், அவன் விரலில் மின்சாரம் இறங்கியது. மணி அடித்தது.

"வலி மருந்து குடுக்க நேரமாயிட்டுல்லா, அதான் அக்கா," என்றான் அவளிடம். திரும்பியபோது உலகம்மையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து ஒதுங்கினான்.

"வாங்கம்மா," என்றாள் பாத்திமுத்து. "இவனுக்கு ஏன் இந்தச் செருப்ப மாட்டி விட்டிய?"

"விளக்கு எரிஞ்சுதும்மா."

"எரியத்தான் செய்யும். அன்னைக்கு அந்தப் பெட்டிக்கிட்ட நிக்க வேண்டியது இவன். பெட்டி சுடுது, பயமா இருக்குன்னான். நான்தான் 'நீ போய் டீ குடிச்சிட்டு வா, நான் நிக்கேன்'னு அனுப்பினேன். வந்து பாக்கான், எங் கை வெந்து கெடக்கு. அன்னையிலேருந்து எம் முகத்தப் பாக்க மாட்டான். தெனமும் வருவான், காலப் பாத்துட்டே பேசுவான்."

சவரிமுத்து அப்போதும் அப்படித்தான் நின்றான்.

"அப்ப கம்பியை வச்சது?"

"தனபாலன் சார்தான். எங் கண்ணு முன்னாடி வச்சாரு. மெல்லிசுக் கம்பி அடிக்கடி உருகிப் போகுது, பம்பு நிக்குதுன்னு தடிச்ச கம்பியா மாட்டுனாரு. உருக வேண்டியது உருகல, ஒயரு பத்திக்கிட்டு. இத அன்னைக்கே சொன்னேனே! வெளக்கப் பிடிக்கக் கை இல்ல, ஒம் பேச்சு செல்லாதுன்னுட்டாவ."

அந்த விதியை எழுதியது யார் என்று பாத்திமுத்துவுக்குத் தெரிந்திருக்கவில்லை. உலகம்மை சொல்லவும் இல்லை. தாதி வந்து மருந்தை வாயில் ஊற்றிவிட்டுப் போனாள். உலகம்மை கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி ஈரமானது, மறுபடி துடைத்தாள்.

"நீங்க அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தீங்களே," என்றாள் சவரிமுத்துவிடம்.

"இதத்தான் மேடம். பெட்டி சுடுதுன்னு தெரிஞ்சும் அக்காவ விட்டுட்டுப் போனேன்னு."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் எப்படியாவது நின்றிருக்க முடியும்.

அவள் நேரே கடல்நீர் நிலையத்துக்குப் போனாள். தனபாலன் மறைக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஆமா, நான்தான் வச்சேன். பம்பு நின்னா ஊருக்குத் தண்ணி கிடையாது. உங்க வீட்டுக்கும்தான். அந்தப் பொம்பளைக்கு நடந்தது கஷ்டம்தான், ஆனா இதுல நான் கூச்சப்பட என்ன இருக்கு?"

"விளக்கைப் பிடிச்சு இல்லைன்னு சொன்னீங்க."

"கேட்டீங்க, சொன்னேன். எரியலையே. உங்க விளக்குதானம்மா?"

அவர் மேசையில் வைத்திருந்த கை காகிதம்போல் உலர்ந்து கிடந்தது.

மறுநாள் காலையில் நகர மன்றம் கூடியதும் உலகம்மை தானாகவே சாட்சிக் கூண்டில் ஏறினாள். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மேசை விளக்கைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். தனபாலனும் ஓரத்தில் இருந்தார். தலைவர் ஆறுமுகநயினார் அவளுக்குப் பழக்கமானவர். அவள் விளக்கை முதன்முதலில் மேடையேற்றி, ஊரறியப் பாராட்டியவர்.

பிடியைத் தொடுமுன்பே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டாள்.

"சவரிமுத்து குற்றமில்லாதவர். கம்பியை மாட்டினது தனபாலன்."

சாட்சிவிளக்கு கண் கூசும்படி எரிந்தது. மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாத்திமுத்துவின் கட்டுப்போட்ட கைகளும் தரையைப் பார்த்து நின்ற சவரிமுத்துவும் அவள் நினைவை விட்டு அகலவில்லை. நினைக்க நினைக்க வெளிச்சம் ஏறியது.

"பொய்னு காட்டுதே," என்றார் ஒருவர்.

"பொய்யைக் காட்டலை. வெக்கத்தைக் காட்டுது. நான் நிரபராதிக்குச் செருப்பு மாட்டினவ, எனக்கு வேர்க்குது. தனபாலனுக்கு வேர்க்காது. வெக்கப்படுறவன் மாட்டிக்கிறான், வெக்கமில்லாதவன் தப்பிச்சுடுறான். இதைத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன். எனக்கு அது இப்பதான் புரியுது."

ஆறுமுகநயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இதுக்கு முன்னால இந்த மன்றம் கொடுத்த தீர்ப்பெல்லாம்?"

"எல்லாந்தான் ஐயா."

இந்த ஊரில் ரப்பர் செருப்போடு நடப்பவர்கள் எத்தனை பேர் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் ஓரளவு தெரியும். சிலரைச் சாட்சிவிளக்கின் முன் அவர்களே அனுப்பிவைத்திருந்தார்கள்.

தனபாலனை அழைத்தார்கள். அவர் வந்து பிடியைப் பிடித்து, "இந்த அம்மா சொல்றது உண்மை இல்ல," என்றார் நிதானமாக. விளக்கு அணைந்தே கிடந்தது.

தலைவர் உலகம்மையின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்பைப் படித்தார். விதி அவள் எழுதியது. வாசகமும் அவள் எழுதியது. சவரிமுத்துவின் தண்டனை தொடரும். பொய்ச்சாட்சி சொன்னதற்காக உலகம்மைக்கும் சுற்றுநீக்கம்.

செருப்பைப் பூட்ட வந்த ஊழியர் தயங்கினார். "மாட்டுங்க," என்று அவளே காலை நீட்டினாள். பிறகு வாசலுக்கு நடந்தாள். கதவில் கை வைத்தாள். அது அசையவில்லை. பின்னால் இருந்த அத்தனை கண்களும் முதுகில் படிவதை உணர்ந்தபடி, கையை எடுக்கத் தோன்றாமல் நின்றாள்.

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. ஆறுமுகநயினார் இறங்கி வந்தார். "தள்ளி நில்லுங்கம்மா, நான் திறந்துவிடுறேன்," என்று மெல்லச் சொல்லி, கதவில் உள்ளங்கையைப் பதித்தார்.

கதவு திறந்தது. அதன் மேலிருந்த சிறிய விளக்கு, அதுவரை யார் கைபட்டும் எரியாத அளவுக்கு எரிந்தது. அவர் பதறிக் கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

உலகம்மை வெளியே போனாள். மன்றத்தில் எல்லோரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்கள், ஒவ்வொருவராக, தங்கள் மேசை விளக்கிலிருந்து கையை எடுத்தார்கள்.