சும்மா கிடக்கும் தலை

முதல் கேள்வி முடிந்ததுமே, கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயந்திரத்தை இயக்கும் கெல் பதிலுக்கு நன்றி சொன்னான். செஃபினா பதிலே சொல்லியிருக்கவில்லை.

பதில் சொல்லாமல் கிடப்பதுதான் அவள் வேலை. வாயும் கையும் அசையாத நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்து, உள்ளே ஆள் விழித்திருக்கிறாரா என்று தேடும் பிரிஸ்பேன் ஆய்வுக்கூடம் அது. கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் பந்தடிப்பதாக நினைக்க வேண்டும். இல்லை என்றால் சொந்த வீட்டுக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும். இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம் ஒளிரும். திங்கள் காலை, நோயாளி வருமுன், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரைப் படுக்கவைத்து அதே கேள்விகளை ஓட்டுவார்கள். எதையும் நினைக்காத தலை எப்படித் தெரியும் என்று ஒப்பிட. ஏழு மாதமாக அவள்தான். சமோவாத் தீவிலிருந்து வந்து கோழி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றே கால் வீங்கிய குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, இங்கே பெயர் சும்மா கிடக்கும் தலை. கெல் வைத்த பெயர்.

படம் பிடிக்கும் இயந்திரத்தின் குழாய்க்குள் சூடான பிளாஸ்டிக் வாடை. தலையைச் சுற்றிக் கூண்டு. இயந்திரம் கதவை உடைப்பதுபோல் இடித்து, நின்று, மறுபடி இடித்தது. அந்த இடிக்கு அடியில், மெதுவாக, வெறுங்காலில் யாரோ மரத்தரையில் நடக்கும் ஓசை. அவளுக்குத் தெரிந்த தரை. நகர ஓரத்து லோகனில் அவர்களுடைய வாடகை வீட்டு நடைவழி. நடுவில் ஒரு பலகை முனகும். முனகியது.

அவள் வீட்டை நினைக்கவில்லை. எண்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது, இவ்ளோ ஒழுங்கா பதில் சொல்றது?" தலைமை ஆய்வாளர் மெரிடித்தின் குரல் ஒலிபெருக்கியில் குழைந்தது. "செஃபினாவா நீ?"

நடை. இல்லை என்ற பதில்.

கையிலிருந்த ரப்பர்க் குமிழை அமுக்கினாள். அமுக்கினால் மணி அடிக்கும். உடனே வெளியே இழுக்க வேண்டும் என்பது விதி. மணி அடித்தது. அவளுக்கே கேட்டது.

"பயந்துட்டா," என்றான் கெல். "இழுத்துடவா?"

"இரு. பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒரு படம் எனக்குக் கிடைச்சதில்ல." பிறகு மெரிடித் கேட்டது செஃபினாவிடமும் அல்ல, கெல்லிடமும் அல்ல. "அவளை வெளிய விடலாமா?"

நடைவழி. பலகை. மறுபடியும் இல்லை என்ற பதில். அவள் அறை வாசல். கத்தினாள். வாய் திறக்கவில்லை. கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள்.

இடி நின்றது. படுக்கை வெளியே நகர்ந்தது. கூண்டைக் கழற்றினார்கள். அவள் உடம்பு எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக் காலணியைத் தேடியது.

"எப்படி இருந்துச்சு?" மெரிடித் அதன் தோளில் கைவைத்தாள்.

"நல்லா தூங்கிட்டேன்," என்றது செஃபினாவின் வாய். "அடுத்த வாரமும் நானே படுக்கிறேன்."

உள்ளே, இருட்டில், அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்துகொண்டிருந்தாள். அறைய ஆரம்பித்தது இயந்திரம் நிற்பதற்கு ஒரு நொடி முன்பு. கடைசிப் படத்தின் ஓரத்தில் அது சின்ன ஒளிப்புள்ளியாக விழுந்திருந்தது. கெல் அதைப் பார்த்தான். பழுது என்று குறித்து, அழித்தான்.