மாடி அறையில் தோஹா!

இறந்தவனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

நின்றது. மறுபடி அடித்தது...

"எடுக்கவா மேடம்?" ஏட்டு ரத்தினம் கேட்டார்.

"வேண்டாம். பாடியைத் தொடாதீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் டெல்சி குனிந்து பார்த்தாள். தேங்காய்ப்பட்டணம் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்த முகம்மது மீரான், மாடிப்படியின் அடியில் பின்மண்டை உடைந்து கிடந்தான்.

வலது கையில்... ஒரு கறுப்பு ஒயர்! மாடியிலிருந்து பிய்ந்து வந்த இன்டர்நெட் கேபிள்.

மாடியில் ஒரே அறை. இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி மீரானின் இடுப்பில்!

"எப்ப நடந்திருக்கும்?"

"ஜும்ஆ நேரம் மேடம். ஆம்பளையெல்லாம் பள்ளிவாசல்ல. தெருவுல ஒரு ஈ இல்ல."

"இவன் ஏன் தொழப் போகல?"

"அதான் இடிக்குது. வெள்ளிக்கிழமை மட்டும் கடையை விட்டு அசையவே மாட்டானாம்."

"மேடம்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஜஸீனா. அடுத்த தெரு. கணவன் ஷரீஃப் தோஹாவில் ஏசி மெக்கானிக்.

"கொன்னது எங்க வீட்டுக்காரருதான்!"

டெல்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தோஹாவுல இருந்துக்கிட்டா?"

"தோஹாவாவது! அவரு இந்த ஊருக்குள்ளதான் இருக்காரு மேடம்!"

தன் செல்போனை நீட்டினாள்.

"பாருங்க. நாலு மாசமா அவருக்க கால் எல்லாம் நம்ம ஊரு நம்பர்ல வருது. தினம் ஒரு நம்பரு. கேட்டா, ஏதோ சீப்பான ஆப்புன்னு சொல்லுதாரு. திருப்பி அடிச்சா யாரும் எடுக்கல!"

"அதுக்கும் மீரானுக்கும் என்ன?"

"திங்கக்கிழமை வந்து, இதெல்லாம் யாருக்க சிம்முன்னு கேட்டேன். மூஞ்சி வெளுத்துட்டு. கண்ணு தானா மாடிக்குப் போச்சு. பூட்டுன ரூமுக்கு என்னத்துக்கு மேடம் எந்நேரமும் ஏசி? எங்க வீட்டுக்காரரு எவளையோ கூட்டிட்டு உள்ள இருக்காரு! ரெண்டு பேருக்கும் தகராறு வந்திருக்கும்..."

"மதியம் நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுல. நெய்ச்சோறு வச்சிட்டிருந்தேன்."

போட்டோ எடுத்து முடித்ததும், மீரானின் சாவியை எடுத்தார் ரத்தினம். டெல்சி துப்பாக்கியோடு கதவருகே நின்றாள்.

க்ளிக்!

ஜில்லென்ற காற்று முகத்தில் அடித்தது.

ஆள் இல்லை. கட்டில் இல்லை. ஜன்னல்கூட இல்லை.

மேஜை மேல் ஓர் இரும்புப் பெட்டி. முப்பத்திரண்டு ஆன்டெனா. வரிசையாகச் சிவப்பு விளக்குகள்.

ரத்தினம் பின்வாங்கினார். "வெடிகுண்டா மேடம்?"

"சிம் பாக்ஸ்! கல்ஃப்லேருந்து வர்ற கால், இன்டர்நெட் வழியா இந்தப் பெட்டிக்குள்ள நுழையும். லோக்கல் காலா மாறி வெளிய போகும். வெளிநாட்டுக் காலுக்குக் கம்பெனியும் சர்க்காரும் வாங்கவேண்டிய பங்கு... இவன் பாக்கெட்டுக்கு!"

"அப்ப வெள்ளிக்கிழமை..."

"கல்ஃப்ல லீவு. கால் கொட்டும். அதான் காவல் இருந்திருக்கான். பாக்கெட்டுல அடிக்கிறது கூட்டாளியா இருக்கும்... பெட்டி ஏன் செத்துப்போச்சுன்னு கேக்க!"

ஒரு போன் இணைப்புக்கு வருஷக்கணக்கில் மனு போட்டுக் காத்திருந்த ஊர் இது. தனியார் கம்பெனிகள் வந்தன. சாலையோரம் குடை விரித்து சிம்மை இலவசமாகவே கொடுத்தார்கள். கதவு அகலமாகத் திறந்தது. மீரானும் அதே கதவு வழியாகத்தான் நுழைந்திருந்தான்.

"இத்தனை சிம்மும் யாரு பேருல மேடம்?"

"குடைக்கு அடியில கைரேகை வச்சவங்க பேருல. உங்க பேருலயும் ரெண்டு இருக்கும்."

ரத்தினம் தன் கட்டைவிரலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பின்னாலேயே ஏறி வந்து அறை வாசலில் நின்ற ஜஸீனாவின் முகத்தில் ரத்தமில்லை. "அப்ப... அவரு?"

"கேட்டுடுவோம்."

டெல்சி தன் போனிலிருந்து, ஜஸீனாவிடம் வாங்கிய தோஹா நம்பருக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷரீஃபா? போலீஸ். எங்க இருக்கீங்க?"

"போலீஸா! தோஹாவுலதான் மேடம்... வேணும்னா கேம்ப் போர்மேன்கிட்ட குடுக்கட்டா? ஜஸீனாவுக்கு ஒண்ணும் இல்லியே? உங்க டைம் பன்னண்டு அம்பதுலேருந்து அடிச்சிட்டே இருக்கேன். ஆப்புல லைன் போவல!"

"அதுக்கு முன்னாடி பேசினீங்களா?"

"பேசிட்டுத்தான் இருந்தேன். 'கதவத் திறங்க, உள்ள இருக்கது எனக்குத் தெரியும்'னு அவ ஒரே சத்தம். எந்தக் கதவுட்டின்னு கேக்கேன்... எவனோ 'மேல போவாத பிள்ளே'ன்னான். தடதடன்னு என்னமோ விழுந்துது. கால் கட்டு! எந்தக் கதவு மேடம்?"



டெல்சி மெல்லத் திரும்பினாள்.

"நெய்ச்சோறு அடி பிடிச்சிருக்குமே, ஜஸீனா?"

ஜஸீனா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"மீரான் கையைப் புடிச்சு இழுத்தாரு... உதறினேன். ஒயரைப் புடிச்சுக்கிட்டே விழுந்தாரு. அதே நிமிஷம் இவருக்க குரலும் நின்னுட்டு. உள்ள இருந்து கட் பண்ணிட்டாருன்னு நினைச்சேன் மேடம்! கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு சாவுறான்... அப்பவும் வெளிய வரலியே, பழி இவருமேலேயே போவட்டும்னு..."

"அவரு கால் இந்தப் பெட்டி வழியாத்தான் வந்துச்சு, ஒயர் பிஞ்சதால கட் ஆச்சு. உங்க வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் நிஜம்."

"ஹலோ? ஹலோ? ஜஸீனா பக்கத்துல இருக்காளா மேடம்?"

டெல்சி போனை நீட்டினாள். ஜஸீனாவின் கை பாதி தூரம் வந்து நின்றது.

ரத்தினம் விலங்கை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"பேசும்மா, இது ஒரிஜினல் ஐ.எஸ்.டி. ரேட்டு கூடுதல்தான்... ஆனா ஆளு எங்க இருக்காருன்னு சந்தேகமே வராது!"