இரும்புக்குச் சொன்ன வலி

மழையில் நனைந்தபடி ஓடிவந்த பூங்காவனம், காஜா பெராங் வட்டாரக் கிளினிக் வாசலில் ஓர் இளைஞன்மீது மோதியே விட்டாள். அவன் ஊன்றுகோல் வழுக்கியது. சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க! நானே நிப்பேன்."

கோபம்தான்... ஆனால் மழைத்துளி தங்கிய அந்தக் கண்களில் ஏன் அப்படியொரு தவிப்பு?

"நில்லுங்களேன், பார்ப்போம்," என்று கையை எடுத்தாள். சாய்ந்தான். மறுபடி பிடித்தாள். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அடைக்கப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் முழங்கால் மடங்க மறுத்தது. அதைப் பிடித்து மடக்கி நீட்டுவது, நோயாளிகள் 'மிஸி' என்றழைக்கும் நர்ஸ் பூங்காவனத்தின் வேலை.

"வலிக்குதா?"

"இல்ல மிஸி."

"பின்ன ஏன் மூஞ்சி மிளகாய் கடிச்ச மாதிரி இருக்கு?"

"என் மூஞ்சியே அப்படித்தான்..."

சுதந்திரத் தோரணங்கள் இன்னும் அவிழாத வாரத்தில், சீமையிலிருந்து ஒரு மின்சார இயந்திரம் வந்திறங்கியது. காலைத் தோல்வாரில் கட்டி விசையைத் தட்டினால், மோட்டாரே மடக்கி நீட்டும். "இரும்புக்கு என் வலி தெரியுமா?" என்று, மூட்டுவலிக்கு வரும் சிவகாமி ஆச்சி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அடைக்கப்பன் மட்டும், "எனக்கு மெஷினே போதும் டாக்டர்," என்றான்.

பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. என் கை அவ்வளவு கசந்துவிட்டதா? நாளைக்கு இந்த அறைக்கே நான் வேண்டாமோ...

அதன்பின் வாரைக் கட்டுவாள், விசையைத் தட்டுவாள், ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். அவள் கைகள் சும்மா கிடந்து ஏங்கின.

ஒரு மத்தியானம், மோட்டார் சத்தத்துக்கு நடுவே முனகல் கேட்டது. திரும்பினாள். அவன் கன்னமெல்லாம் கண்ணீர்! ஓடிப்போய் நிறுத்தினாள்.

"இவ்வளவு வலியா? என்கிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே!"

"எப்படிச் சொல்றது? வலிக்குதுன்னா உங்க கண்ணு கலங்கிடும். இதுகிட்ட தாராளமா அழலாம்... இது பாக்காது."

"அதுக்காகவா என் கை வேணாம்னீங்க?"

"அது மட்டுமில்ல..." அவன் தலை குனிந்தான். "நீங்க தொடுறப்பல்லாம், இந்தக் கால் குணமாகவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். குணமாயிட்டா... உங்களை எப்படிப் பாக்குறது?"

பூங்காவனம் வாரை அவிழ்த்தாள். முழங்காலில் மெல்லக் கை வைத்தாள்.

"அழுகை வந்தா அழுங்க. நானும் அழுதுக்கிறேன். ஆனா கால் மடங்கணும்."

"மடங்கிட்டா?"

"எங்க வீட்டுக்கு நடந்து வாங்க. அப்பாகிட்ட நான் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்."

"என்னன்னு?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு..."